முதுகோடு முதுகாக

தாரணி அப்பாவுக்கு, தமயந்தி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? தாரணி ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? பேத்துப்பாறைக் குளிர் எனக்குப் பழகிவிட்டது. இங்கே டவர் கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ஒரு கூத்தைக் கேளுங்கள். நான் சமைக்கிற விடுதியில் யோகா சொல்லித்தரும் ரோகிணி என்ற பிள்ளை நேற்று அடுப்படிக்கே வந்துவிட்டது. "அக்கா, ஜோடிக்கு ஓராள் குறையுது, வெரசா வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனது. சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னால், என் கை முழங்காலோடு நின்றுவிட்டது. "இது இடுப்பா, உலக்கையா?" என்று நானே சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வலியெல்லாம் ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

கடைசியில் சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாவும் நானும் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட வேண்டும். அது மட்டும் எனக்குச் சுலபமாக வந்தது. தைப்பூசக் கூட்டத்தில், இடமில்லாத நம் கடைக்குள், நீங்கள் வாசலைப் பார்த்து வியாபாரம் செய்ய, நான் உள்பக்கம் திரும்பி டப்பாவில் பஞ்சாமிர்தம் அடைக்க, அப்படித்தானே உட்கார்ந்திருப்போம்? "புதுசா செய்றவங்க மாதிரியே இல்லையேக்கா" என்றது ரோகிணி.

இந்தக் கடிதத்தை வாங்கிப்போகக் காய்கறி வண்டி வேல்ராஜ் அண்ணன் ஹாரன் அடிக்கிறார். அவரிடமே என் பழைய கம்பளியையும், இடுப்புக்குத் தடவுகிற தைலத்தையும் கொடுத்துவிடுங்கள். பூசத்துக்கு லீவு கேட்டு வாங்கிவிட்டேன். கடையில் உங்கள் முதுகுக்குப் பின்னால் காலி டப்பாக்களை அடுக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

தமயந்தி