ஒன்பது நொடி இருட்டு

ஜூன் 3

இன்று காலை பத்து நாற்பதுக்கு, இந்த வீட்டின் நிர்வாகத்தை ஒரு கணினியிடம் ஒப்படைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்துக்கு நானே தலைமை வகித்தேன். வேறு உறுப்பினர் இல்லை. பக்கத்து அறையில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி சும்மா இருந்ததை, ஆட்சேபணை இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

காரணம் வேடிக்கையானதல்ல. மார்ச்சில் பக்கவாதம் வந்ததிலிருந்து அக்காவின் வலது கை மடியிலேயே கிடக்கிறது. சொற்களும் அப்படித்தான், உள்ளே இருக்கின்றன, வெளியே வருவதில்லை. போன வாரம் நான் அச்சகத்தில் யாரோ ஒருவருடைய ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், மழை இருட்டில் சுவிட்சைத் தேடிப் போய் விழுந்துவிட்டாள். கூப்பிட முடியவில்லை. இரண்டு மணி நேரம் தரையில்.

அக்கா மகன் தொலைபேசியில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மாமா, நீங்க இல்லாத நேரத்துல அம்மாவே விளக்கு போட்டுக்கணும், உங்களைக் கூப்பிடணும். முப்பதாம் தேதி வந்து பார்ப்பேன். முடியலன்னா காப்பகம்தான். இடம் சொல்லி வெச்சிருக்கேன்."

அக்காவிடம் சொன்னேன். தலையை இடமும் வலமும் ஆட்டினாள், நிறுத்தாமல்.

ஜூன் 5

வாயால் சொன்னால் விளக்கு போடும், கடையில் விற்கும் பேசும் பெட்டி போதுமே என்றால், இணையம் இருந்தால்தான் அதற்குக் காது கேட்குமாம். எங்கள் தெருவில் இணையம் மாப்பிள்ளை மாதிரி, வரும்போது வரும். ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒரு கணினி வேண்டும். இரவும் பகலும் விழித்திருக்க வேண்டும், சத்தம் போடக்கூடாது, மின்சாரம் அதிகம் குடிக்கக்கூடாது, விலையும் குறைவாக இருக்க வேண்டும். இத்தனை குணமும் ஒருங்கே அமைந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

நாற்பது பேருடைய கருத்தை இணையத்தில் படித்தேன். ஒவ்வொருவரும் மற்ற முப்பத்தொன்பது பேர் சொல்வதை வாங்கினால் வீடு எரிந்துவிடும் என்கிறார்கள்.

ஜூன் 7

பழைய கணினி விற்கும் அம்மாளின் கடைக்குப் போனேன். என் குறிப்புகள் பதினொரு பக்கம். அவர் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.

"சார், இது வீட்டுக்கா, விண்வெளிக்கா?"

விஷயத்தைச் சொன்னேன். கேலி நின்றது. என் பழைய மடிக்கணினியைத் திருப்பிப் பார்த்து, "பேட்டரி உப்பியிருக்கு. இதை ராப்பகலா ஓட விட்டீங்கன்னா அக்காவுக்கு வேற விதமா வெளிச்சம் வரும்" என்றார். உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகை ஒன்றை, அதுவும் ஒரு கணினிதானாம், என் கையில் வைத்தார். புதிய கணினியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அதை வாங்கினால் நான் பல் கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டும் என்பது நான் சிரித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. ஒத்துவரலன்னா கொண்டாங்க."

பெயர்கூடக் கேட்கவில்லை. இப்படியும் கடை நடத்துகிறார்கள்.

ஜூன் 9

"விளக்கு" என்றேன். பலகை யோசித்தது. எண்ணினேன். ஒன்பதாவது நொடியில் எரிந்தது. ஒன்பது நொடி இருட்டில் ஒரு மனுஷி எழுந்து, நடந்து, விழுந்து முடித்துவிடலாம்.

ஜூன் 11

பலகையைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்தேன். தடித்த அகராதி அளவில் ஒரு பழைய அலுவலகக் கணினி. "பேங்க் கவுண்டர்ல ஒம்போது வருஷம் ஜனங்க பேசுறதைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தது சார். உங்க ரெண்டு பேரைத் தாங்காதா?" விலை நான் பயந்ததில் கால்வாசி.

ஒரே நொடி. பிரமாதம்.

அக்கா சொன்னால் மட்டும் எரியவில்லை. அவள் சொல்லவே இல்லை. "வி" வரை வருகிறாள். உதடு நடுங்குகிறது. பிறகு கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஜூன் 14

"வி."

ஜூன் 15

எந்தப் பெட்டி, எந்தப் பெட்டி என்று பன்னிரண்டு நாள் அலைந்தேனே, எந்தச் சொல் என்று ஒருநாளாவது கேட்டேனா? முப்பத்தைந்து வருஷம் சொல் திருத்திச் சம்பளம் வாங்கினவன். என்னத்தைத் திருத்தினேன் போ.

ஜூன் 16

பேச்சுப் பயிற்சி தரும் பெண் வந்தாள்.

"தானா வாயில வர்ற வார்த்தை ஏதாவது இருக்கா சார்? எண்ணுறது, திட்டுறது, இதெல்லாம் சில பேருக்குத் தப்பிச்சு நின்னுடும்."

"'தடியா'ன்னு வரும்."

"யாரை?"

"என்னைத்தான். சின்ன வயசிலேர்ந்து."

சிரிக்காமல் நோட்டில் எழுதினாள். "அப்போ அதையே வெச்சுக்கலாமே."

அவளை வாசல்வரை போய் வழியனுப்பினேன். தெருமுனைவரை போயிருக்க வேண்டும்.

ஜூன் 17

கணினிக்கு அந்தச் சொல் பழக முப்பது மாதிரிகள் வேண்டும். கேட்டு வாங்க முடியாது. கோபம் வந்தால்தான் வரும். அக்காவைக் கோபப்படுத்துவதில் எனக்கு ஐம்பத்தெட்டு வருட அனுபவம். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். அவள் கண்ணாடியை நான் மாட்டிக்கொண்டேன். பாடினேன். பாட்டுக்கு மட்டும் எட்டு மாதிரி கிடைத்தது.

ஒருமுறை சொன்னால் விளக்கு. அடுத்தடுத்து இரண்டு முறை சொன்னால், பெட்டியில் செருகிய சிம் வழியாக என் கைபேசிக்கு அழைப்பு. மாலையில் அக்கா தானாகவே சோதித்துப் பார்த்தாள். எரிந்தது. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மார்ச் மாதத்துக்குப் பிறகு இன்றுதான்.

ஜூன் 30

மருமகன் வந்தான். ஜன்னல் திரையை இழுத்து மூடினான். "அம்மா, விளக்கு போடுங்க பார்ப்போம்."

அக்கா வாய் திறக்கவில்லை. மகனுக்கு முன்னால் அந்த வார்த்தையா? அவனை வளர்த்ததே 'மரியாதையாப் பேசு' என்று சொல்லித்தானே. எனக்கு இது தோன்றவே இல்லையே!

அவன் காத்திருந்தான். பிறகு மெதுவாக, "மாமா…" என்றான்.

அப்போது நான் சொன்னேன்: "அவன் சொல்றதும் சரிதான் அக்கா. காப்பகத்துல போய் இருந்துதான் பாரேன். நானே கொண்டுபோய் விடறேன்."

"தடியா!"

விளக்கு எரிந்தது.

"தடியா!"

என் சட்டைப்பையில் கைபேசி அலறியது.

மருமகன் திகைத்துப்போனான். "என்னையா மாமா சொன்னாங்க?"

"உன்னை இல்லப்பா. அது என் பேரு."

கட்டிலில் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நான் சொன்னது மனசாரச் சொன்னதல்ல என்று இங்கே எழுதி வைக்கிறேன். அக்காவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 2

காப்பகத்தில் இடம் வேண்டாம் என்று மருமகன் சொல்லிவிட்டானாம். கடைக்கார அம்மாளிடம் போய், அந்தச் சொல்லையும் சேர்த்தே சொன்னேன். "பேங்க்ல கேட்காத பேச்சா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ திருகாணி தேடினார்.

ஜூலை 9

கணினியின் பதிவேட்டைப் பார்த்தேன். நேற்று அக்கா அறையில் விளக்கு போடச் சொல்லி வந்த ஆணைகள்: நாற்பத்தொன்று. அவற்றில் முப்பத்தாறு நல்ல வெயில் நேரத்தில்.