பாவாடை மிட்டாய்ப் பெட்டிகளை விடுவிக்க வேண்டாம்

அனுப்புநர்:
மெஹ்ஜபின்,
14, சந்தைக்கடை இரண்டாம் வீதி,
திருப்பூர்.

பெறுநர்:
உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: என் தம்பியின் பெயரில் உரிமம் உள்ள குச்சி மிட்டாய்ச் சரக்கை வரும் வெள்ளிக்கிழமை விடுவிக்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சீல் வைத்த சரக்கை விட்டுவிடுங்கள் என்று கேட்டுத்தான் எல்லோரும் தங்களிடம் வருவார்கள். நான் விடாதீர்கள் என்று கேட்டு வருகிறேன், அதுவும் எங்கள் சொந்தச் சரக்கை. புத்தி பிசகியவள் எழுதியது என்று ஓரமாக வைத்துவிடாமல், இதைக் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருக்கிறது.

1. நான் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் பல வருடம் செக்கிங் வேலை பார்த்தவள். பிறகு என் தம்பி திரு. தௌபிக்குடன் சேர்ந்து குச்சி மிட்டாய் தயாரிக்கும் சிறு தொழிலைத் தொடங்கினேன். பாகு காய்ச்சுவதும் அச்சில் ஊற்றுவதும் அவர் பொறுப்பு. மிட்டாயைச் சுற்றும் காகிதம் என் பொறுப்பு. உரிமம் அவர் பெயரில் உள்ளது.

2. அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பெண்கள் வீட்டிலேயே கம்பெனிப் பனியனுக்கு நூல் பிசிறு வெட்டுகிறார்கள். பக்கத்தில் குழந்தை மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கும். சிவப்புச் சாயம் ஒரு சொட்டு வெள்ளைப் பனியனில் விழுந்தால் போதும், பீஸ் ரிஜெக்ட், குழந்தைக்கு முதுகில் அடி. இதைப் பார்த்துத்தான் மெழுகுத் தாளில் ஓர் உறையை வெட்டினேன். உறையைப் பிரித்தால் அது கழன்று வராது. குச்சியைச் சுற்றிக் குடைபோலக் கீழே விரிந்து நின்று, வழிகிற பாகைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் அதற்குப் பாவாடை மிட்டாய் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் உறையை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுவார்கள். நான் தாளிலேயே ஒரு காது விட்டு, அதைக் கீறலில் செருகி மூடும்படி செய்தேன். பின் அடித்த எதையும் குழந்தை வாயருகே கொண்டுபோகக் கூடாது என்பது பேக்கிங் பிரிவில் எனக்கு ஊறிப்போன பயம். உறையின் மேல் ‘பின் இல்லாத மிட்டாய்’ என்று அச்சடித்ததும் நான்தான்.

3. சென்ற மாதம் என் மகளின் பிரசவத்துக்காக உடுமலைப்பேட்டை போயிருந்தேன். அந்தச் சமயத்தில் கோடை மழை பிடித்துக்கொண்டது. காற்றில் ஈரம் ஏறினால் தாள் தளர்ந்து காது கழன்றுவிடும். அப்படிப்பட்ட நாட்களில் உறை போடுவதை நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம். ஆனால் கோயில் நோம்பித் திருவிழாவில் கடை போடுகிறவர்களுக்குக் கொடுத்த வாக்கு தம்பியை நெருக்கியது. அவர் நிறுத்தவில்லை. என் உறையையே போட்டு, காது நிற்காத இடத்தில் பின் அடித்துவிட்டார். மேலே பின் இல்லாத மிட்டாய் என்ற எழுத்து, கீழே பின். வேலியே பயிரை மேய்ந்தது என்று கேட்டிருக்கிறேன், எங்கள் வீட்டிலேயே மேயும் என்று நினைக்கவில்லை.

4. அந்தச் சரக்கில் ஒரு பகுதி கடைகளுக்குப் போய்விட்டது. மீதி குடோனில் இருந்தபோதுதான், நிறம் அதிகமாக இருக்கிறது என்ற புகாரின் பேரில் தாங்கள் வந்து மாதிரி எடுத்து, குடோனுக்குச் சீல் வைத்தீர்கள். ஊர் திரும்பிய நானும் நிறத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

5. சனிக்கிழமை சேவூரில் பெட்டிக்கடை வைத்திருக்கும் ராமுத்தாய் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பின்னை என் கையில் வைத்தார். அவருடைய ஐந்து வயது மகளின் நாக்கின் அடியில் குத்தி நின்றதை ஆஸ்பத்திரியில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன்: “பின்னு இல்லாத மிட்டாயின்னு நானே எம்புள்ளைக்கு எடுத்துக் குடுத்தனுங்க. உங்க பேரச் சொல்லித்தானுங்க ஊருக்கெல்லாம் வித்தேன்.” காயம் ஆறி வருகிறதாம். ஆனால் அந்தக் குழந்தை இப்போது சோற்றைக்கூட விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிறதாம். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. விற்காமல் மீந்த பெட்டியை என் வாசலில் வைத்துவிட்டு அவர் பஸ் ஏறப் போய்விட்டார்.

6. அன்றே தம்பியைக் கேட்டேன். இனி என்னால் அவனுக்குத் திரு. போட முடியவில்லை, மன்னிக்கவும். “மழ ஈரத்துல காது நிக்கல, நான் என்ன பண்ணட்டும்? கையில பிரிச்சாப் பின்னு தானா வந்துரும்க்கா. பல்லுல கடிக்கச் சொல்லி நானா சொன்னேன்?” என்றான். குச்சி மிட்டாயைக் கையால் பிரிக்கும் குழந்தையை அவன் எங்கே பார்த்தானோ தெரியவில்லை. எந்தப் பெட்டியில் பின் இருக்கிறது என்று கேட்டேன். கடைசியாகப் போட்ட சில பெட்டிகள்தான் என்றான். எவை என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. எல்லாப் பெட்டிகளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

7. ராமுத்தாய் விட்டுப்போன பெட்டியை நான் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கு எடுத்துப்போனேன். அங்கே பேக்கிங் மேனேஜராக இருப்பவர் திரு. கந்தவேல். பனியன் துணியில் உடைந்த ஊசி தங்கியிருந்தால் கண்டுபிடிக்கும் மெஷின் அங்கே உண்டு. இரும்பு உள்ளே போனால் மணி அடித்து பெல்ட் நின்றுவிடும். ஷிப்ட் முடிந்ததும் பெட்டியை அதில் வைத்தோம். நின்றது. பெட்டியைத் திறந்து, பாதி மிட்டாய்களை உறையோடு ஒவ்வொன்றாக விட்டோம். சில போயின, சில நின்றன. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் கந்தவேல் நின்றதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

8. திங்கட்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. நிறம் அளவுக்குள் இருக்கிறது, வெள்ளிக்கிழமை சீலை அகற்றலாம் என்று தங்கள் உத்தரவு கூறுகிறது. முடிவு சரியானது, பாகில் தவறில்லை. தவறு காகிதத்தில் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் தங்களிடம் புகார் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் இப்போது சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் குடோன் வாசலுக்குத் தம்பி வண்டி வரச் சொல்லியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நோம்பி. அன்று பொங்கலூர்ப் பக்கமும் சேவூர்ப் பக்கமும் எத்தனை குழந்தைகள் பாவாடை மிட்டாய் கேட்டு அழும் என்று எனக்குத் தெரியும். போன வருடம் அதைப் பார்த்துப் பூரித்துப்போனவள் நான்.

9. பனியன் கம்பெனியில் ஒரு விதி உண்டு, ஐயா. தையல் மெஷினில் ஊசி உடைந்தால், உடைந்த கடைசித் துண்டு கிடைக்கும்வரை அந்த லைன் ஓடாது. முதலாளியே வந்து நின்றாலும் ஓடாது. எங்கோ கடல் தாண்டி ஒரு குழந்தையின் கழுத்தில் அந்தத் துண்டு குத்திவிடக் கூடாது என்பதற்காக இங்கே நாங்கள் தரையில் காந்தத்தை உருட்டித் தேடியிருக்கிறோம். நம் ஊர்க் குழந்தையின் வாய்க்கு அந்த மரியாதை கிடையாதா என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. கோபம் யார்மேல் என்றால், என் வீட்டின்மேல்தான்.

எனவே, சீலை அகற்றும் உத்தரவை உடனே நிறுத்திவைக்க வேண்டும். பெட்டிகள் அனைத்தையும் தங்கள் முன்னிலையில் அந்த மெஷினில் விட்டு, மணி அடிப்பவற்றை அழிக்க வேண்டும். மெஷினைத் தர கந்தவேல் சம்மதித்துள்ளார். ஏற்கெனவே கடைகளுக்குப் போன சரக்கைத் திரும்பப் பெற உத்தரவிட வேண்டும். கடை கடையாக நானே வருகிறேன். இதனால் உரிமம் போனாலும் போகட்டும். தம்பியைக் கெட்டவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பயந்தவன், வாக்குக் கொடுத்துவிட்டு முழிப்பவன். தண்டனை என்று ஒன்று உண்டானால், உறையில் அந்த எழுத்தை அச்சடித்த எனக்கும் அதில் பங்கு தாருங்கள். லைனை மட்டும் ஓடவிடாதீர்கள்.

இடம்: திருப்பூர்
நாள்: 14.05.2025

இப்படிக்கு,
மெஹ்ஜபின்
(கையொப்பம்)

இணைப்பு: ராமுத்தாய் மகளின் நாக்கிலிருந்து எடுத்த பின். மெஷினில் நின்ற மிட்டாய்கள், உறையுடன்.

நகல்: தௌபிக், உரிமதாரர். இன்று காலை அவன் வீட்டுக்கே போய் நேரில் கொடுத்தேன். படித்துவிட்டு, கூடப்பிறந்தவள் செய்கிற காரியமா இது என்றான். ராமுத்தாய் பெட்டியில் ஒவ்வொன்றாக மெஷினில் விடாமல் மீதமிருந்த மிட்டாய்களை அவன் முன்னால் வைத்தேன். இதில் உன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்து உன் மகள் ரைசாவிடம் கொடு, பல்லால் கடித்துப் பிரிக்கட்டும், மனுவை இங்கேயே கிழித்துப் போடுகிறேன் என்றேன். ரைசா பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். அவன் பெட்டியை எடுத்து, அவள் கைக்கு எட்டாதபடி பீரோவின் மேல் வைத்தான்.