ஓடுமா, ஊருமா?

மகாராணிக்கு,

கிறுக்கலைப் பார்த்து டாக்டர் எழுதியது என்று நினைக்காதே. என் வலது கை சண்டித்தனம் செய்கிறது. உன் தம்பியின் காரில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். சிதையும் நரம்பிலிருந்து ரத்தத்தில் கசியும் புரதத்தை அளந்தால், இந்த மோட்டார் நியூரான் நோய் ஓடுமா, ஊருமா என்று ஓரளவு தெரியுமாம்.

“தெரிஞ்சு என்னத்தக் கிழிக்கப் போறீங்க?” என்று நேற்று கத்தினாய். பதில் இப்போதுதான் தோன்றியது. இந்த நோயில் கையைப் போலக் குரலும் போவதற்குள் உன்னோடு போடவேண்டிய சண்டை நிறைய இருக்கிறது. ஓடும் என்றால் முக்கியமானதை முதலில் போடலாம்.

சாவி செருப்பு அலமாரி மேல். சூப்பைச் சூடாக்கிக் குடி. கோபத்தை வயிற்றிடம் காட்டாதே.

பி.கு.: ஊரும் என்று வந்தால் உன் அம்மா வந்து தங்கட்டும். ஓடும் என்றால் யாருக்கும் பங்கு கிடையாது, எல்லா நாளும் உனக்குத்தான்.