கூரை தொடாத சுவர்

பெரியம்மா,

வெந்தயம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் இன்று நம் ஒற்றையறைக் காம்பிராவில் மணத்தது. தீபாவளிக்கு டிக்கோயாவிலிருந்து அத்தானோடு வந்த அக்கா எனக்குத் தலை பின்னினாள், உங்களைப் போலவே இறுக்கமாக.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதே மணம். அதற்கு முந்திய மழைக்காலம் முழுக்க நீங்கள் தூங்காமல் தனியே பேசிக்கொண்டிருந்தீர்கள். கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து, பழையபடி தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனீர்கள். ஆனாலும் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் நீங்கள் 'கிறுக்கச்சி'. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரை யாரும் 'காய்ச்சல்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூட அகராதியில் வேறு சொல் தேடினேன். அதிலும் நல்லதாக ஒன்று இல்லை.

அன்று அம்மா நம் இருவரையும் காலியாகக் கிடந்த பக்கத்துக் காம்பிராவில் உட்கார வைத்தாள். லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். மாப்பிள்ளையின் அம்மா பேசியதும் கேட்டது.

"இந்த லயத்துல ஒரு கிறுக்கச்சி இருக்காமே, உங்க சொந்தமுங்களா?"

"சேச்சே! அது பக்கத்துக் காம்பிராங்க. எங்களுக்கு ஒட்டுமில்ல, ஒறவுமில்ல," என்றாள் அம்மா.

என் பின்னலில் உங்கள் விரல்கள் நின்றன. நான் எழப் போனேன். "சும்மா இரு புள்ள. அக்காவுக்கு நல்ல எடம்," என்று தோளை அழுத்தினீர்கள்.

அந்தப் பொய் நிலைக்கட்டும் என்று அன்றிலிருந்து அங்கேயே தங்கிவிட்டீர்கள். நீங்கள் தூக்கி வளர்த்த அக்காவின் கல்யாணத்தில் அண்டா கழுவினீர்கள். போன மாதம் நீங்கள் இறந்தபோது அவள் வரவில்லை. பக்கத்துக் காம்பிராக்காரிக்கு அழ அவ்வளவு தூரம் எதற்கு என்று அவள் வீட்டில் கேட்பார்களாம். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளி கிடையாது. நம் வீட்டில் அம்மா முறுக்குச் சுட்டாள்.

அதைக் கடித்துக்கொண்டே அத்தான் சிரித்தபடி கேட்டார்: "என்னங்க அத்தை, பக்கத்துக் காம்பிரா பூட்டிக் கெடக்கு? அந்தக் கிறுக்கு எங்க ஓடிருச்சு?"

என் பின்னலில் அக்காவின் விரல்கள் நின்றன. அம்மா துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள்.

"அவங்க எங்க பெரியம்மா," என்றேன். "செத்துப்போயிட்டாங்க."

அத்தானின் சிரிப்பு நின்றது. எனக்குப் பெருமையாக இல்லை பெரியம்மா, கூசிப்போனேன். சத்தமாகத்தான் சொன்னேன். சுவர் தாண்டிக் கேட்டிருக்கும். அந்தப் பக்கம்தான் யாருமில்லை.