ரெண்டு போஸ்ட்டும் தெரியட்டும்

மச்சான்,

இன்று காலை உன் லைன்ஸ்மேன் கொடியை விரித்தேன். துணியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வாசம் வந்து மூக்கில் ஏறிவிட்டது. கைப்பிடி முழுக்க உன் தைலம். முழங்காலில் தேய்த்த கையைத் துடைக்காமலே கொடியைப் பிடிப்பாயே, அதே தைலம். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இந்தக் கண்றாவி வாசம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மழையிலும் ஜன்னலைத் திறந்தது சும்மா இல்லை.

கொடியை உன் பெண்டாட்டி சரசுதான் போன வாரம் நான் வேலை செய்கிற ஹாட்வெயார் கடைக்குக் கொண்டுவந்து தந்தாள். கூடவே ஒரு விஷயத்தையும் சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னிடம் கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது.

நாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே ஃபுட்போல் நடுவர் பரீட்சை எழுதிப் பாஸானோம். கிழமை நாட்களில் நான் நோர்வூட் டவுனில் ஆணி நிறுப்பேன், நீ தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுவாய். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இருவருக்கும் கறுப்புச் சட்டை. நடுவில் நான் விசிலோடு, கோட்டோரம் நீ கொடியோடு. நீ கொடி தூக்கினால் நான் மறுகேள்வி கேட்டதே இல்லை. பார்வையாளர்கள் உன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும் நீ திரும்பிப் பார்க்கமாட்டாய்.

நம்ம பக்கத்துக் கிரவுண்டுகளில் ஒரு வழக்கம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கினால் நடுவர் நடு வட்டத்தில் நின்று இந்தப் பக்கமும் பார்க்கவேண்டும், அந்தப் பக்கமும் பார்க்கவேண்டும். ஒரு கோல் போஸ்ட் மறைந்தாலும் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தவேண்டும். உடனே எல்லோரும் நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிடுவார்கள். கேத்தலில் பிளேன்டீ வரும். கொஞ்சம் முன்னால் சட்டையைப் பிடித்து இழுத்தவனே டீயோடு நக்கிக்கொள்ள எதிர் டீம்காரனின் உள்ளங்கையில் சீனி கொட்டுவான். எனக்குத்தான் பொறுமை இருக்காது. "ஆரம்பிப்போமாடா?" என்று உன்னை நச்சரிப்பேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டே சொல்வாய்: "ரெண்டு போஸ்ட்டும் தெரியட்டும் மச்சான். தெரியாம ஓடுறதுக்கு, உக்காந்திருக்கிறது மேல்."

பிறகுதான் நடுவர் சங்கத்திலிருந்து நம் இரண்டு பேரையும் மேல் தரத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அதற்குத் தேறினால் கொழும்பு மெட்ச்சுகள் கிடைக்கும். எனக்குக் கால் தரையில் படவில்லை. நீ வழக்கம்போலக் கணக்கில் இறங்கினாய். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் சம்பளம், பாதியோடு நின்றால் அரைப்பேர். நீ உலகத்தையே அந்தப் பேரில்தான் அளப்பாய். "கொழும்புல ஒரு மெட்ச்சுன்னா முத நாளு அரைப்பேரு போகும், மறுநாளு முழுப்பேரு போகும். பஸ்ஸுக் காசையும் சோத்துக் காசையும் கழிச்சா அவங்க தர்றது ஒரு பேருக்கும் காணாதுடா. அதையும் எப்ப தருவாங்களோ, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்."

"அப்ப போக வேணாங்கிறியா?" என்று கேட்டேன்.

"எனக்கு முட்டி ஒத்துக்காது. நீ போ. ரெண்டு பேருக்கும் சேத்து நீயே ஏறு."

அந்தச் சொல்லைத்தான் மச்சான், இத்தனை காலம் தோளில் சுமந்துகொண்டு திரிந்தேன்.

என் முதல் கொழும்பு மெட்ச் ஞாபகம் இருக்கிறதா? நீ எப்படி மறப்பாய், ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவனல்லவா. மதிலுக்கு அந்தப்பக்கம் யாரோ குப்பை கொளுத்தினார்கள். மெல்லிசாக ஒரு புகை கிரவுண்டுக்குள் வந்தது. யோசிக்கவே இல்லை, பழக்கதோஷம், கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். போதாக்குறைக்குப் புல்லில் உட்காரவும் போனேன்! எனக்குப் புள்ளி போட வந்திருந்த பெரியவர் ஓடிவந்து என்ன என்று கேட்டார். "மீதும, சேர்" என்றேன் சிங்களத்தில். பனிமூட்டமாம், கொழும்பு வெயிலில்! மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மகன், ஊர் எங்கே?" என்று கேட்டார். நோர்வூட் என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்லவர், பாஸ் போட்டார். நீ அந்தக் கதையைக் கேட்டுப் புரையேறி, சரசு உன் தலையில் தட்டவேண்டியதாயிற்று.

அந்தச் சிரிப்பெல்லாம் அதோடு சரி. இருட்டோடு முதல் பஸ், ஹட்டனில் மாறி, கித்துள்கல வளைவுகளில் குடலைப் புரட்டிக்கொண்டு இறங்குவேன். போய்ச் சேரும்போது கால் மரக்கட்டையாக இருக்கும். அதோடு ஓடவேண்டும், அதுவும் அந்தச் சூட்டில். கடை முதலாளி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "நீங்க வீட்டுக்கு விருந்தாளிங்க" என்றாள் என் வீட்டுக்காரி. அவள் சொன்னதில் பொய் இல்லை. காசு வந்தபோது வந்தது, வராதபோது கேட்க வெட்கம். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்றைக்கும் நான் கொழும்பில்தான் இருந்தேன். உன் முகத்தைப் பார்க்க ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு விடவும் முடியவில்லை. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஏறு என்றவன் மண்ணுக்குள் போய்விட்டான், பாதியில் இறங்கினால் அவனுக்குத் துரோகம் என்று ஒரு பயம். அவிசாவளையில் பஸ் நிற்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் ஊர் திரும்புகிற ஹட்டன் பஸ்ஸைப் பார்த்து ஏக்கமாக இருக்கும். உன்னை நினைத்துக்கொண்டு இறங்காமலே இருந்துவிடுவேன்.

போன வாரம் சரசுவிடம் கொடியை வாங்கிக்கொண்டு, "அவன் ஆசைப்பட்டானேன்னுதான் இன்னும் கொழும்புக்கு ஓடிக்கிட்டிருக்கேன்மா" என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்தாள்.

"யாருண்ணே ஆசைப்பட்டது? நீங்க போன ஞாயித்துக்கெழமையெல்லாம் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. 'இவன எதுக்குடி போகச் சொன்னேன், இந்தப் புது ரெஃப்ரி நான் கொடி தூக்குனா திரும்பிகூட பாக்கமாட்டேங்கிறான்'னு ஒரே பொலம்பல். ஒங்ககிட்ட சொல்லச் சொன்னா, 'அவன் போகட்டும், கெடுத்துறாத'ன்னு என் வாய அடைச்சிருவாரு."

அடப்பாவி! கள்ளப்பயலே! உன் கண் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, வாய் மட்டும் என்னிடம் இப்படிப் புளுகியிருக்கிறதே. கடைக்குள் ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சிரித்தேன், அப்புறம் அழுதேன். முதலாளி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாளே சங்கத்துக்குப் போன் போட்டேன். கொழும்பு வேண்டாம், ஹட்டன், நுவரெலியா, மிஞ்சினால் கண்டி, அவ்வளவுதான் என்று சொன்னேன். பெரிய விளக்கமெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து, "சரி தம்பி, இங்கயும் ஆள் வேணும்தானே" என்று முடித்துவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது மச்சான். சந்தைக்கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்த மாதிரி கழுத்தே லேசாகிவிட்டது.

இன்று நம்ம கிரவுண்டில்தான் மெட்ச். உன் கொடியை, கோட்டோரம் நிற்கப் புதிதாக வந்திருக்கிற டீச்சரம்மாவிடம் கொடுத்தேன். கைப்பிடியை மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள், ஆனால் நன்றாகத்தான் தூக்கினாள். இரண்டாவது பாதியில் பனி இறங்கியது. கையைத் தூக்கினேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள், கேத்தல் வந்தது, யாரோ என் கையில் சீனி கொட்டினார்கள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் இல்லை. என் வீட்டுக்காரி வேலியோரம் குடையோடு நின்றுகொண்டிருந்தாள், எத்தனை காலத்துக்குப் பிறகோ மெட்ச் பார்க்க வந்திருந்தாள்.

"ஆரம்பிப்போமா சேர்?" என்றாள் டீச்சரம்மா.

"ரெண்டு போஸ்ட்டும் தெரியட்டும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று விளங்கியது.

மெட்ச் முடிந்து கொடியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். "கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். உன் தைலம் இன்னும் கையில் மணக்கிறது. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே என்று பார்க்கிறேன் மச்சான்.