மரியாள் துப்பாத கொயினா

ரெங்கம் தோட்டம், ஐப்பசி, வியாழன் இரவு.

காய்ச்சல் வராமலிருக்கத் தினமும் தரும் கொயினா மருந்தைக் குடித்தால் பிள்ளை பிறக்காது என்று நாங்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. எங்களுக்கு இன்னும் பிள்ளையில்லை. பயந்துவிட்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் ஊற்றியதை வாயில் அடக்கிப்போய் மரத்தடியில் துப்பினேன். மனைவி மரியாளையும் துப்பச் சொன்னேன். என் முன்னாலேயே முழுங்கினாள்.

"யாரு சொன்னாங்க உங்ககிட்ட?"

"கடைக்காரர்."

"காய்ச்சல் லேகியம் விக்கிறவரு கொயினாவ நல்லதும்பாரா? பக்கத்து வீட்டுச் செல்லம்மா கல்யாணத்துலேருந்து குடிக்கிறா. இப்ப வயித்துல ரெண்டாவது. நீங்க பாக்கலையா?"

செல்லம்மாவைத் தினமும் பார்க்கிறேன். இது மட்டும் உறைக்கவில்லை.

கடைக்காரர் மேல் எரிச்சல். என்மேல் அதைவிட.

நாளை முழுங்கிவிடுவேன். ஆண்டவரே, என் பேச்சைக் கேட்காத பெண்டாட்டியைக் கொடுத்தீரே, தோத்திரம்.