ஒளித்துவைத்த செருப்பு

அன்பு மகளே,

லீவு மிச்சம் இருப்பதால்தான் பஸ் எடுக்கவில்லை, வேறொன்றுமில்லை. ஊசி அளவைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. உடம்பு இன்சுலினை மதிக்கவில்லையாம், நீ என் பேச்சை மதிக்காததுபோல. பழுதான கிட்னி வெளியேற்றாத யூரிக் ஆசிட், பிரேக் மிதிக்கும் காலின் கட்டைவிரலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது. கடைக்குப் போய் வாங்கிவிடுவேன் என்று உன் அம்மா என் செருப்பை ஒளித்துவைத்தாள். கத்திக் கத்தி வீட்டை இரண்டாக்கினேன். நேற்று அவளே கொண்டுவந்து கட்டிலடியில் போட்டாள்.

"இந்தாங்க, எங்க வேணும்னாலும் போங்க."

கதவும் திறந்திருந்தது. வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை.

அதை மறுபடி ஒளித்துவைக்கச் சொல்லி அம்மாவிடம் நீயே பேசு; அவளால்தான் வெளியே போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வாய் வரவில்லை.

உன் அப்பா